காவல் கோபுரத்தின் கிரீடம்

ஒரு காட்டுக்குள்ளே, குழந்தைகளே, மனிதர்கள் எப்போதோ விட்டுப்போன ஊர் ஒன்று இருந்தது. அங்கே நூற்றுக்கால் மண்டபம் ஒன்றும் உயரமான காவல் கோபுரம் ஒன்றும் கம்பீரமாக நின்றன. "இப்படி வேறெந்தக் காட்டில் உண்டு?" என்று அங்குள்ள முயல்கூட மார்தட்டிக்கொள்ளும்.

மண்டபத்தில் வன்பிடி என்ற உடும்பு குடியிருந்தது. கோபுரத்தில் ஒய்யாரன் என்ற மயில் வசித்தது.

ஆவணி பிறந்தால் உடும்புக்கு ஓயாத வேலை. பறவைகளின் எச்சம் விழுந்த கல் இடுக்குகளில் அரசங்கன்றுகள் முளைத்திருக்கும். அவற்றை வேரோடு பிடுங்கி, வாயில் கவ்விக்கொண்டுபோய் ஏரிக்கரையில் நட்டுவிடும். நகம் தேயும், முதுகு வலிக்கும். ஆனாலும் அலுக்காது. அந்த மண்டபத்தின் ஒவ்வொரு கல்லிலும் அதற்கு அத்தனை பெருமை!

ஒருநாள் அது கோபுரத்தை அண்ணாந்து பார்த்தது. உச்சியில் ஒரு கன்று!

"மயிலண்ணே, இப்போது விரல் பருமன்தான் இருக்கிறது. நான் ஏறிப் பிடுங்கிவிடட்டுமா? வேர் உள்ளே இறங்கினால் கோபுரம் தாங்காது."

"தொட்டுப் பார், தெரியும் சேதி! என் கோபுரத்துக்குக் கிரீடம் முளைத்திருக்கிறது. உனக்குப் பொறாமை!"

"அரசம்பழம் தின்று அங்கே எச்சமிட்டதே நீங்கள்தானே, அண்ணே!"

"போடா, களை பிடுங்கி!" என்று மயில் சிலிர்த்துக்கொண்டது.

நான்கு ஆவணிகள் போயின. கன்று மரமாயிற்று. அதன் நிழலில் மயில் தோகை விரித்தது. காடே வாயைப் பிளந்தது. உடும்பு மட்டும் கல் இடுக்கில் இறங்கும் வேரையே பார்த்தது.

ஐந்தாம் ஆண்டு ஐப்பசியில் புயல் வந்தது. மரம் ஆட ஆட, வேர் கற்களை நெம்பியது. கோபுரம் பொலபொலவென்று சரிந்தது. இத்தனை காலம் நின்ற கோபுரம், குழந்தைகளே! நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

விலங்குகள் எல்லாம் மண்டபத்துக்குள் ஓடின. உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. நனைந்த தோகையோடு மயில் மட்டும் வாசலிலேயே தயங்கி நின்றது.

"உள்ளே வாருங்கள் அண்ணே! நூறு தூணில் உங்களுக்கு ஒன்று இல்லாமலா போகும்?" என்றது உடும்பு.

மழை விட்டதும் மயில் மண்டபக் கூரைக்குப் பறந்தது. இரண்டே இலை விட்டிருந்த கன்று ஒன்றை அலகால் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"தம்பி, இதை எங்கே நட வேண்டும்?" என்று கேட்டது.

உடும்பு தலையை நிமிர்த்தி ஏரிக்கரைக்கு வழி காட்டி நடந்தது.

நீதி: பழம்பெரும் கட்டடத்தைப் பேணிக் காப்பவருக்கே அதைச் சொல்லிப் பெருமைப்பட உரிமை உண்டு.