வைத்தியர் தவளையும் மருந்துப் புல்லும்

கோல்ஃப் மைதானத்துக் குளத்தில் ஒரு தவளை இருந்தது. தோட்டக்காரர்கள் கரையில் உட்கார்ந்து பேசுவதை ஒட்டுக்கேட்டே அது மனிதப் பேச்சைக் கற்றுக்கொண்டது. நாலு வார்த்தை தெரிந்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை. தன்னை எல்லோரும் 'வைத்தியரே' என்று கூப்பிட வேண்டும் என்றது. அக்கம்பக்கத்துப் பறவைகளும் அப்படியே கூப்பிட்டன, பாவம்.

அதே புல்வெளியில் ஓர் ஆள்காட்டிக் குருவி தன் ஒரே குஞ்சோடு வாழ்ந்தது. உருண்டு வந்த பந்து பட்டுக் குஞ்சின் கால் வீங்கிவிட்டது. அது நொண்டுவதைப் பார்த்துத் தாய்க்கு இரை இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் தவளை துள்ளிக்கொண்டு வந்தது.

"தாயே, நல்ல சேதி! இன்றைக்கு மைதானம் முழுக்க மருந்து அடிக்கப்போகிறார்களாம்! என் காதாலேயே கேட்டேன்!"

"மருந்தா? புல்லுக்கு என்ன நோய்?"

"புல்லுக்கே மருந்து கொடுக்கும் புண்ணியவான்கள்! உன் குஞ்சை அந்த ஈரத்தில் இரண்டு புரட்டுப் புரட்டு. கால் சரியாகிவிடும்!"

தாய்க்கு ஆசை வந்துவிட்டது. குஞ்சை அழைத்துக்கொண்டு போனது. அங்கே ஓர் ஆள் முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்து அடித்துக்கொண்டிருந்தான். மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தான். குருவி சட்டென்று நின்றது.

"வைத்தியரே, மருந்து கொடுப்பவன் ஏன் மூக்கை மூடியிருக்கிறான்?"

"கசப்பு மருந்து தாயே! உனக்கு எதிலும் சந்தேகம்தான்! இதோ, நானே காட்டுகிறேன்!"

தவளை ஈரப் புல்லில் பாய்ந்து வயிறு படப் புரண்டது. "ஆகா, என்ன குளிர்ச்சி!" என்றது. குஞ்சும் ஆசையோடு ஓர் அடி முன்னே வைத்தது.

அப்போது மண்ணுக்குள்ளிருந்து புழுக்கள் வெளியே வந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, நூறு! நெளிந்தன, துடித்தன, அப்படியே அடங்கிப்போயின. ஐயோ, அந்தக் கொடுமையை எப்படிச் சொல்வது! தாய் சிறகை விரித்துக் குஞ்சை மறித்துப் பின்னுக்குத் தள்ளியது.

"வைத்தியரே, வெளியே வாருங்கள்! சீக்கிரம்!"

தவளை தாவப் பார்த்தது. பின்னங்கால்கள் எழவில்லை. தோல் முழுக்க எரிந்தது.

"மருந்து என்றுதானே சொன்னார்கள்..." என்றது. அதற்குமேல் அதனால் பேச முடியவில்லை.

ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. அதைக் கேட்டுக் கொக்குகளும் மைனாக்களும் பதறிப் பறந்தன. குஞ்சு நொண்டிக்கொண்டேதான் வேலியைத் தாண்டியது. ஆனால் உயிரோடு தாண்டியது.

மருந்து என்று பேர் வைத்துவிட்டால் மட்டும் நஞ்சு கொல்லாமல் விட்டுவிடாது.