அறிந்து உண்ட பள்ளிக்கூடம்

ஓணாங்குடி உயர்நிலைப்பள்ளி வாத்தியார்கள் ஆளுக்கு ரெண்டு மூணு பட்டம் வாங்கினவங்க. மூளையை எங்கே வாங்குறதுன்னுதான் யாரும் சொல்லித் தரலை போல. அவங்களுக்கெல்லாம் தலைமையாசிரியர் தணிகாசலம். அப்போ பார்த்துக்குங்க!

ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. 'மாணவர்கள் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் உள்ள சத்துகளை அறிந்தே உண்ண வேண்டும்.' அதைப் பார்வையிட அதிகாரி வேறு வரப்போறாராம். அவர் குறை எழுதிட்டா தணிகாசலத்துக்கு மலைக்கு மாற்றல் நிச்சயம். இவருக்கோ குளிர் துளியும் ஆகாது.

உடனே கூட்டம் போட்டார்.

"ஒவ்வொரு கவளமும்னு போட்டிருக்கு ஐயா," என்றார் அறிவியல் வாத்தியார் ஜெபராஜ். "பாடம் நடத்தாம ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது."

"கவளம் எவ்வளவு பெரிசுன்னு தெரியாம சத்தை எப்படிச் சொல்வீங்க?" என்று மடக்கினார் கணக்கு டீச்சர் மங்கையர்க்கரசி. "முதல்ல கன அளவு."

அடடா, என்ன அறிவு! தணிகாசலம் பூரித்துப்போனார்.

மறுநாள் மதியம் பிள்ளைகள் தட்டோடு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். சாம்பார் சோற்றை உருட்டிக் கையிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். மங்கையர்க்கரசி அளவுகோலோடு வந்தார். "உருண்டை கோணலா இருக்கு, சூத்திரம் பொருந்தாது. திரும்ப உருட்டு!" உருட்டி முடித்தால் ஜெபராஜுக்குக் கடுகில் சந்தேகம். கடுகு உணவா, அலங்காரமா? ரெண்டு பேரும் தீவிரமா விவாதிக்கும்போதே மணி அடித்தது. மிச்சப் பாடம் நாளைக்கு என்று சோற்றை வெளியே கொட்டினார்கள்.

"டீச்சர், பசிக்குது," என்றாள் ஒன்பதாம் வகுப்பு செண்பகம்.

"பசி சிலபஸ்ல இல்ல. உட்காரு."

இப்படியே தினமும் நடந்தது. பிள்ளைகள் வத்தலாய்ப் போனார்கள். தெருநாய்கள் தளதளவென்று மினுங்கின.

அதிகாரியும் வந்தார். செண்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பருப்பில் புரதம், கீரையில் இரும்பு என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "பிரமாதம்!" என்றார் அதிகாரி. அப்போதுதான் தணிகாசலத்துக்கு உயிர் வந்தது. மலையாவது, குளிராவது!

அதிகாரிக்கு இலை போட்டார்கள். காலையிலிருந்து அலைந்த மனுஷன், ஆசையாய்ச் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனார். தணிகாசலம் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஐயா! இன்னும் நடத்தலையே!"

"யோவ், கையை விடுய்யா. பசி உயிர் போகுது!"

தணிகாசலம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நம்மைச் சோதிக்கிறாராக்கும், இதுக்கெல்லாம் ஏமாறுவேனா? பிடியை இறுக்கினார். ஜெபராஜ் கரும்பலகையை இழுத்து வந்தார். மங்கையர்க்கரசி அளவுகோலை நீட்டினார். கவளம் கோணல். அது சரியானதும் முருங்கைக்காயில் சிக்கல். மென்று துப்பும் சக்கையைக் கழிக்கணுமா, கூடாதா? வாதம் முடிவதற்குள் அதிகாரி கண் செருகி இலையிலேயே சாய்ந்துவிட்டார்.

வாத்தியார்கள் அவரைச் சுற்றி நின்று கவலையோடு பார்த்தார்கள்.

"சத்துக் குறைபாடு," என்றார் ஜெபராஜ்.

"ஊட்டச்சத்து அறிவே இல்லாம வளர்ந்திருக்கார், பாவம்," என்றார் மங்கையர்க்கரசி.

தணிகாசலம் கொஞ்சமும் தயங்கவில்லை. அன்றைக்கே அதிகாரியை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். அவரும் இப்போது செண்பகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு உருட்டுகிறார். தேறினால் சாப்பிடலாம், ஊருக்குப் போய் அறிக்கையும் எழுதலாம். ஆனால் உருண்டைதான் இன்னும் வட்டமாக வரவில்லையாம்.