காம்பு மறைந்த பொதிகள்

"வெள்ளம் வருமுன் அணை போடு, அணை போட்டாலும்..."

இப்படி ஏதோ கிழட்டு யானை ஒருமுறை காட்டுச் சபையில் சொன்னது. அந்தப் 'போட்டாலும்' என்ற சொல்லுக்கு அப்புறம் என்ன வந்தது என்பது பொதிக்காளை காரிக்கு ஞாபகமில்லை. பேச்சு நீண்டுகொண்டே போனதால் அது அசைபோட்டபடி தூங்கிவிட்டிருந்தது.

பாரம் சுமப்பது காரியின் தொழில். இக்கரைக் காட்டின் பலாப்பழங்களை ஆற்றுத்துறை வழியே அக்கரைக்குக் கொண்டுபோகும். திரும்பும்போது உப்புக்கட்டி சுமந்து வரும். இக்கரையில் உப்பு கிடையாது. உப்பு நக்காத கன்றுகள் கால் தள்ளாடி விழுந்துவிடும். அந்த வருஷம் காரியின் கூட்டத்தில் கன்றுகள் நிறைய.

ஒருநாள் அக்கரை அரசனான கரடி உத்தரவு போட்டது.

"உங்கள் பழத்தோடு வண்டும் வருகிறது. வரும் பௌர்ணமி முதல் ஒவ்வொரு பொதியையும் எங்கள் கீரிகள் சோதித்த பிறகுதான் உள்ளே விடுவோம்!"

இக்கரை அமைச்சரான நரி உடனே சபையைக் கூட்டியது.

"கவலையே வேண்டாம்! எல்லா ஏற்பாடும் தயார்! துறையில் யாரும் ஒரு நொடிகூட நிற்க வேண்டியிருக்காது. நிற்க நேர்ந்தால், அதற்கென்றே பெரிய மைதானம் ஒன்று திருத்தி வைத்திருக்கிறோம்!"

"நிக்கவே வேண்டாம்னா மைதானம் எதுக்கு?" மரக்கிளையிலிருந்து கேட்டது துடியன் என்ற குரங்கு. காளைகளுக்குப் பொதி கட்டுவது அதன் வேலை. "போன மழைக்கு முந்தி, பாலம் தயார்னு சொன்னீங்க. அந்தப் பாலத்தைப் பார்க்கப் போன ஆமை இன்னும் வந்து சேரலை!"

சபை குலுங்கிச் சிரித்தது. காரியும் வால் சுழற்றிச் சிரித்தது.

நரிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே துறையில் ஓர் ஒத்திகை நடத்தியது. வரிசையாக முயல்கள் வந்தன. கீரி வேஷம் போட்ட அணில் ஒன்று தலையை ஆட்டியது. முயல்கள் துள்ளிக் குதித்து ஓடிவிட்டன.

"பார்த்தீர்களா? கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது!"

"அமைச்சரே, முயல் முதுகில் பலாப்பழத்தைக் காணோமே?" என்று கேட்டது காரி.

"ஒத்திகைக்கு எதற்குப் பாரம்? பாவம், முயலுக்கு வலிக்காதா!"

காடே கைகொட்டிச் சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

பௌர்ணமி வந்தது. துறையில் வரிசை ஆற்றங்கரையைத் தாண்டி, மைதானத்தை நிறைத்து, காட்டுக்குள்ளும் நீண்டது. மைதானத்தில் நிழலுக்கு ஒரு செடிகூட இல்லை. வெயில் ஏற ஏற, பொதிகளிலிருந்து பழுத்த வாசனை கிளம்பியது. ஈ மொய்த்தது. நடுவில் நின்ற காரி, உப்புக்குக் காத்திருக்கும் கன்றுகளை நினைத்துப் பெருமூச்சு விட்டது.

துடியன் மட்டும் உற்சாகமாக இருந்தது. "நான் அப்பவே சொன்னேனா இல்லையா, காரி அண்ணே? சொன்னேனா இல்லையா?"

"சொன்னாய். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். அதனால ஒரு கட்டி உப்பாவது வந்துச்சா?"



அந்தச் சமயம் அக்கரைக் கீரி ஒன்று களைத்துப்போய்த் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வந்தது.

"கீரி ஐயா, ஏன் இவ்வளவு நேரம் ஆகுது?" என்று காரி கேட்டது.

"வண்டு துளை போடுவது காம்படியில்தான். அந்தக் காம்பைத் தேடத்தான் ஒவ்வொரு பொதியையும் அவிழ்த்து, பழத்தை உருட்ட வேண்டியிருக்கிறது. காம்பு மட்டும் கண்ணில் பட்டால், நடந்துகொண்டே இருங்கள் என்று அனுப்பிவிடுவேனே!"

காரி திகைத்தது. காம்பில் வடியும் பால் வழியெல்லாம் ஒட்டாமல் இருக்க, காம்பை உள்ளே தள்ளிச் சருகு சுற்றிக் கட்டுவதுதான் இக்கரை வழக்கம்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, ஐயா?"

"யார் வந்து கேட்டீர்கள்? உங்கள் அமைச்சரும் வரவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் வரவில்லை."

கீரி போய்விட்டது. துடியன் சட்டென்று காரியின் முதுகில் குதித்தது. "அண்ணே, உன் பொதியை இப்பவே மாத்திக் கட்டிடறேன்!"

காரி முன்னால் பார்த்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் காம்பு மறைந்த பொதிகள்தான்.

"முன்னாடி நிக்கறது நகராம நான் மட்டும் எங்கேடா நகர?"

"அப்போ எல்லாருக்கும் கட்டணுமா? உன் முறை வர்றதுக்குள்ள உன் பழம் கூழாயிடும் அண்ணே!"

காரி தன் இடத்தை விட்டு விலகி, துடியனைச் சுமந்துகொண்டு, முதல் பொதியிலிருந்தே காம்பு வெளியே தெரியும்படி மாற்றிக் கட்ட, வரிசையின் முகப்பை நோக்கி நடந்தது.

ஏற்பாட்டைச் சந்தேகித்தது சரியே ஆனாலும், சந்தேகித்துவிட்டுச் சும்மா இருந்தவனுக்கும் தாமதத்தில் பங்கு உண்டு.