இடக்கை மட்டை

செண்பகவல்லி விளையாட்டுப் படங்கள் எடுப்பவள். கோவில்பட்டி ஹாக்கி மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து பதினொரு வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் பால்துரை. குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு நாற்பத்து நாலு. அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் இருவருக்கும் எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

பால்துரை பதினெட்டு வருடம் பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்தவர். காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் எது தொங்கினாலும் அவர் கை பட்டதாகத்தான் இருக்கும். ஒரு நாள் அலுத்துப்போய்க் கேமரா வாங்கினார். இரண்டு வருடம் குருவுக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்து படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். தானே படம் எடுக்க வேண்டும், அதைத் தானே போஸ்டராகவும் செய்ய வேண்டும், அதை வைத்தே பிழைக்க வேண்டும். இதுதான் அவர் ஆசை. வீட்டில் பொறுமையாகத்தான் இருந்தார்கள், ஆனால் அந்தப் பொறுமை மெலிந்துகொண்டு வருவது அவருக்கும் தெரியும்.

அந்த வருடம் பெண்கள் ஹாக்கிப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு பிளெக்ஸ் செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. உள்ளூர் அணியின் மாரீஸ்வரி அரையிறுதியில் பந்தை அடிக்கும் படத்தை அவரே எடுத்திருந்தார். செண்பகவல்லி அதைப் பார்த்துவிட்டு, “இருக்கு” என்றாள். அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வருவதே பெரிய விஷயம்.

இறுதி ஆட்டத்தன்று காலை, இருபதடி உயரத்தில் மைதானத்து வாசலில் பிளெக்ஸ் ஏறியது. வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். சென்னையில் விளையாட்டு அணிகளுக்கு விளம்பரம் செய்து தரும் ஒரு நிறுவனத்தின் மேலாளரும் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல், செய்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு பால்துரையைத் தேடி வந்துவிட்டார். டிசைன் வேலை தருகிறேன், நிரந்தர வேலை, மாலை ரயில் ஏறுவதற்குள் பதில் சொல்லுங்கள் என்றார். படம் எடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்களாம். கேமரா தேவையில்லையாம்.

பால்துரைக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரத்தில்தான் மாரீஸ்வரி மட்டையும் கையுமாக வந்து பிளெக்ஸின் முன்னால் நின்றாள். கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இடக்கையால ஆடுற மாதிரில்ல இருக்கு?”

ஹாக்கியில் இடக்கை மட்டை கிடையாது. மட்டையின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. உலகத்தில் எல்லா மட்டையும் ஒரே மாதிரிதான். இடக்கைக்காரர்களும் வலக்கைக்காரர்கள் போலத்தான் பிடித்தாக வேண்டும். கோவில்பட்டியில் பால் போடுகிறவருக்குக்கூட இது தெரியும். பால்துரைக்கும் தெரியும்.

ஆனால் பிளெக்ஸ் கடையில் வேறொரு சட்டம் உண்டு. படத்தில் இருப்பவர் போர்டுக்கு உள்ளே பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால், தலைவர் கட்சியை விட்டுப் போகப்போகிறார் என்று கடைத்தெருவில் பேச்சுக் கிளம்பிவிடும். அவர் எடுத்த படத்தில் மாரீஸ்வரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் டிசைன் செய்ய உட்கார்ந்தபோது, பதினெட்டு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய்ப் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டது.

அவர் செண்பகவல்லியிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் வந்து பிளெக்ஸைப் பார்த்தாள்.

“சட்டையில நம்பர் நேராத்தான இருக்கு?”

“அதைத் தனியா வெட்டித் திருப்பி ஒட்டினேன் மேடம்.”

“டீம் பேரு?”

“அதையும்தான்.”

“எழுத்தெல்லாம் சரி பண்ணிட்டீங்க” என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

செண்பகவல்லி மாரீஸ்வரியைக் கூப்பிட்டு, பிளெக்ஸில் இருக்கிறபடியே மட்டையைப் பிடித்துப் பந்தை அடிக்கச் சொன்னாள். அந்தப் பெண் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கையை மாற்றிப் பிடித்தாள். முதல் அடி பந்தில் படவே இல்லை. இரண்டாவது அடி உருண்டைப் பக்கத்தில் பட்டு, பந்து கோணலாக ஓடிச் சாக்கடை ஓரம் நின்றது. உருண்டைப் பக்கம் பட்டால் ஃபவுல். அவளே போய்ப் பந்தை எடுத்து வந்து மூன்றாவது தடவையும் முயன்றாள். மறுபடியும் ஃபவுல்.

“வரலை அண்ணாச்சி” என்றாள். பிறகு பால்துரையின் முகத்தைப் பார்த்துவிட்டு, தன்னால் ஆன ஆறுதலைச் சொன்னாள். “எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு என் படத்தைப் பார்க்க வருது. அதுக்கு ஹாக்கி தெரியாது. ஒண்ணும் கண்டுபிடிக்காது, விடுங்க.”

பால்துரைக்கு அதுதான் தாங்கவில்லை. அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாக அந்தப் பெண்மேல் பரிதாபமாக இருந்தது. மேலாளருக்குப் போன் போட்டு, படம் தப்பு, என் கையால்தான் தப்பு நடந்தது என்று ஒளிக்காமல் சொன்னார். மேலாளர் சிரித்தார். நான்கூடக் கவனிக்கவில்லையே, டிசைன் பிரமாதம், எங்களுக்கு அதுதான் வேண்டும் என்றார். வேலை அப்படியேதான் இருக்கிறது, மாலைக்குள் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருந்தது. பால்துரை மைதானத்து ஆட்களிடம் ஏணி வாங்கி வந்து சாத்தினார். செண்பகவல்லி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஏறி, சாரத்தில் கட்டியிருந்த கயிறுகளை அவர் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பாதி பிளெக்ஸ் சரிந்து அவள் தோளில் விழுந்தது.

மேலே இருந்தபடியே அவர் பேசினார். முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாததை ஏணியில் நின்று கேட்பது சுலபமாக இருந்திருக்கும்.

“மேடம், இந்த வேலையை விட்டா இன்னொண்ணு வருமான்னு தெரியலை. வீட்டுக்குப் பதில் சொல்லணும். கேமராவைக் கீழ வச்சிட்டு டிசைனை மட்டும் பார்க்கச் சொல்றாங்க.”

அவள் தோளில் கிடந்த பிளெக்ஸை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் படம் எடுக்குறவன், டிசைன் பண்றவன், ரெண்டும்தான். ஒருத்தனை விட்டுட்டு இன்னொருத்தன் மட்டும் வேலை செஞ்சா என்ன மேடம் கெட்டுப்போகும்?”

செண்பகவல்லி மடிப்பதை நிறுத்தவில்லை.

“நேத்து அப்படித்தானே செஞ்சீங்க அண்ணாச்சி.”