கைராசி அண்ணாச்சியின் முதல் ஓட்டம்

பேட்டரி சைக்கிள் கடை தனபாலன் கையால் சாவி வாங்கினால் வண்டிக்கு ஒரு குறையும் வராது என்று கோவில்பட்டியே சொல்லும். அப்படிச் சொல்லவைத்தவரும் அவர்தான்.

அந்தக் கடையில், பையன் ஓட்டிக் காட்டிய புது வண்டியைத் தொட்டுப் பார்த்தபடி பேச்சித்தாய் நின்றாள். விடுதியில் விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவள் அவள். காலைப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். வண்டி இல்லாவிட்டால் வேலை இல்லை. லைசென்ஸும் கிடையாது.

"இருபத்தஞ்சு வேகத்துக்கு மேல போகாத வண்டிக்குத்தானே அண்ணாச்சி லைசென்ஸ் வேண்டாங்காங்க? இது பறக்குதே, பேட்டரியும் சுடுதே?"

"வேகத்தைக் கட்டுற ஒயரைக் கழட்டிவிட்டிருக்கேன், அம்பதுல போகும். எவன் பிடிக்கப் போறான்? எனக்கே சட்டம் சொல்ல வந்துட்டியோ?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிடித்தால் வண்டியும் போகும், வேலையும் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி அண்ணாச்சி. உங்க கைராசிக்குத்தானே வந்தேன். முதல் ஓட்டம் நீங்களே ஓட்டி, பிள்ளையாருக்குப் பூசை போட்டுக் கொடுங்க."

தனபாலன் பெருமையாக ஏறி உட்கார்ந்தார். "எந்தப் பிள்ளையார்?"

"போலீஸ் ஸ்டேஷன் வாசல் பிள்ளையார்."

அவர் இறங்கினார். டயரைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "அங்க வேண்டாம்மா. சோதனை நடக்குது."

சிரிப்பு நின்றது. முன்பணம் கட்டியிருந்த ஒருவர் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ அந்த வாசல் வழியா நீங்க எதை ஓட்டிட்டுப் போவீங்களோ, அதைக் கொடுங்க அண்ணாச்சி."

மூலையில் நின்ற, ஒயர் கழற்றாத சைக்கிளை அவரே துடைத்து, அவரே ஓட்டினார். பேச்சித்தாய் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஸ்டேஷன் வாசலில் காவலர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி தேநீரைக் குடித்தார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.