வெடித்ததைப் பார்க்காதவர்

"குருவே, இன்னைக்கும் என்னைய மூழ்கடிச்சிட்டானுவ" என்றார் சங்கரபாண்டி, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தபடி.

குரு டீயில் முறுக்கை நனைத்துக்கொண்டிருந்தாள்.

குருவின் பெயர் பெனிட்டா. தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடை மாடியில் கேம் சென்டர் நடத்துகிறாள். சீடரின் வயதில் பாதிதான் இருப்பாள். ஆனால் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டில் அவளைக் கண்டுபிடிக்கும் எதிரி இன்னும் பிறக்கவில்லை என்று ஊரில் பேச்சு.

சீடர் கல்யாண வீடியோ எடுப்பவர். வட்டாரத்தில் முக்கால்வாசித் தாலி அவர் கேமரா முன்னால்தான் ஏறியது. மனிதர் விளையாட வந்த முதல் மாதமே சென்டர் அணியின் கேப்டன் ஆகிவிட்டார். குறி வைத்தால் தப்பாது. எண்ணெய்க் கப்பல் எவ்வளவு தூரத்தில் போனாலும் டார்பிடோ குண்டு நீருக்கடியில் போய் அதன் வயிற்றில் பாயும்.

ஒரே ஒரு குறை. அடித்தால் மட்டும் போதாது, உயிரோடு துறைமுகம் திரும்பினால்தான் வெற்றி. சங்கரபாண்டி ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. எதிரியின் காவல் கப்பல் எங்கிருந்தோ வந்து தலைமேல் குண்டு போட்டுவிடும்.

வரும் ஞாயிறு திருச்செந்தூர்க்காரர்களோடு ஆன்லைனில் போட்டி; காவல் கப்பல்களை அவர்கள்தான் ஓட்டுவார்கள். இந்தத் தடவையும் மூழ்கினால் கேப்டன் நாற்காலி வேறு ஆளுக்கு என்று அணியினர் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எஞ்சினை மெதுவாத்தான் ஓட்டுதேன். ஆழமாத்தான் போறேன். பின்ன எப்படித்தான் என்னையக் கண்டுபிடிக்கானுவ?"

"இன்னொருக்க அடிங்க அண்ணாச்சி. பாப்போம்."

அடித்தார்.

அடியிலிருந்து வெளியே பார்க்கும் பெரிஸ்கோப் குழாய் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வழியே டார்பிடோ வெள்ளைக் கோடு கிழித்துப் போவதை மூச்சு விடாமல் பார்த்தார். மாப்பிள்ளை கையில் தாலியை எடுக்கும்போது கேமராவோடு நிற்பாரே, அதே நிலை.

கப்பல் வெடித்தது. திரையெல்லாம் தீ. சங்கரபாண்டியின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

தீக்குப் பின்னாலிருந்து ஒரு காவல் கப்பல் குழாயைப் பார்த்துத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது.

குரு கேட்டாள்: "டார்பிடோ போற வழியில உங்ககிட்ட வழி கேக்குமா?"

"அது எதுக்குக் கேக்கப்போவுது?"

"பின்ன எதுக்கு நீங்க கூடவே போறீய?"

சங்கரபாண்டி தலையைச் சொறிந்தார். "கெட்டிமேளம் அடிக்கும்போது கேமராவை இறக்கினா பொண்ணோட அப்பா என்னைய உயிரோட விடுவாரா? கை அப்படியே பழகிப்போச்சு குருவே."

"இன்னொருக்க அடிங்க."

அடித்தார். டார்பிடோ கிளம்பியதும் குரு முறுக்குத் தூள் ஒட்டிய விரலால் ஒரு பொத்தானை அமுக்கினாள். குழாய் இறங்கிவிட்டது. திரையில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தில் கரண்ட் போனதுபோல் சங்கரபாண்டி தவித்துப்போனார். காதில் தொம்மென்று ஒரு சத்தம்.

"பட்டுட்டு போலிருக்கே" என்றவர், ஒரு தடவை பார்த்துவிட்டு இறக்கிவிடலாம் என்று குழாயைத் தூக்கினார்.

கப்பல் மிக அழகாக எரிந்துகொண்டிருந்தது. அவர் மறுபடியும் மூழ்கினார்.

குரு மிச்சமிருந்த முறுக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சென்டரில் நிற்க இடமில்லை. கேப்டனின் பெரிஸ்கோப்பில் தெரிவதெல்லாம் சுவரில் பெரிய திரையிலும் தெரிந்தது.

சங்கரபாண்டி குறி வைத்தார். விட்டார். கப்பலைத் துறைமுகம் பார்த்துத் திருப்பினார்.

பிறகு குழாயை இறக்கினார்.

பெரிய திரை இருண்டது. "அண்ணாச்சி, தூக்குங்க, நாங்க பாக்கணும்" என்று கூட்டம் கத்தியது.

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

தொம்.

"அண்ணாச்சி, கொஞ்சூண்டு."

நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும்.

தலைக்கு மேலே யாரும் வரவில்லை. குண்டு விழவில்லை. இருட்டிலேயே போய்க்கொண்டிருந்த கப்பல் கடைசியில் துறைமுகத்தில் போய் நின்றது.

அணியினர் அவரைத் தூக்கிக் குதித்தார்கள். நாற்காலி அவருக்கே என்றார்கள். சங்கரபாண்டிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சாப்பிடாமல் பந்தியிலிருந்து எழுந்தவர்போல் ஒரு முகம்.

செல்போன் அடித்தது. திருச்செந்தூர் அணித் தலைவன் இசக்கிராஜ்.

"ஜெயிச்சிட்டீய அண்ணாச்சி. சத்தியமா நீங்க எங்க போனீயன்னே தெரியல."

"அது கெடக்கட்டும் தம்பி" என்றார் சங்கரபாண்டி. குரல் இறங்கிவிட்டது. "கப்பல் வெடிச்சிச்சே, அது எப்படி இருந்திச்சு?"

"அத ஏன் கேக்கீய. முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம், நடுவுல தீ வானத்துக்கு நிக்கி. எங்க ஆளுவ அம்புட்டு பேரும் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தோம்."

பெருமூச்சு விட்டான்.

"பாத்து முடிச்ச பெறவுதான், உங்களத் தேடணும்னே ஞாபகம் வந்திச்சு."