இருபத்திரண்டு நாள் தளபதி

ஒரு தீவு. வெள்ளைக்காரன் நூற்றைம்பது வருஷம் ஆண்டுவிட்டுப் போன தீவு. பெயர் வேண்டாம், சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள். அங்கே மலைமேல் ஓர் ஆசிரமம். அதன் குரு ஒரு பெண்மணி. வயது ஐம்பதுதான். தபால் நிலையத்தில் வேலை பார்த்து, போதும் என்று விட்டுவிட்டு வந்தவர். எல்லோருக்கும் அவர் அம்மா. எண்பத்தொரு வயது ஜெனரல் தணிகைநாதனுக்கும் அம்மாதான்.

ஜெனரல் லேசுப்பட்ட ஆள் இல்லை. வெள்ளைக்காரத் தளபதிகள் ஒன்பது பேருக்குப் பிறகு, நம்மவரில் முதல் தளபதி என்று பெயர் எடுத்தவர். ஆறாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் அவர் படம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு வாராவாரம் மலையேறி வந்து, முட்டி வலியோடு பாயில் உட்காருவார்.

அன்றைக்கு ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார்.

"புத்தகம் முடிஞ்சிருச்சும்மா. நம்ம படையோட தளபதிகள் வரலாறு. நீங்க ஒரு ஆசியுரை தரணும்."

"நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லையே, ஐயா."

"நீங்க நாலு வரி எழுதினா எனக்கு நிம்மதி."

"நிம்மதிக்கு இப்ப என்ன குறைச்சல்?"

ஜெனரல் கனைத்துக்கொண்டார்.

"பத்தாவது அத்தியாயம் உங்களைப் பத்தினதுதானே? வாசிங்க, கேப்போம்."

வாசித்தார். குரல் இன்னும் கணீரென்றுதான் இருந்தது. கடைசி வெள்ளைக்காரத் தளபதி மார்ச் மூன்றாம் தேதி கப்பலேறினார். அன்றே தணிகைநாதன் அவரிடமிருந்து பொறுப்பை ஏற்றார். அந்த மாதமே துறைமுகத்தில் வேலைநிறுத்தம். கூட்டத்தைச் சுடச் சொல்லி மந்திரி நெருக்கினார். புதிய தளபதி மசியவில்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

"கொஞ்சம் நில்லுங்க," என்றார் அம்மா. "ஆயுதக் கிடங்குச் சாவியை உங்க கையில யார் கொடுத்தா?"

அடேயப்பா, எத்தனை பேட்டி, எத்தனை மேடை! இந்த ஒரு கேள்வியை நாற்பது வருஷத்தில் ஒருத்தர் கேட்டதில்லை. ஜெனரல் காகிதக் கட்டைக் கீழே வைத்தார்.

"மேஜர் சவரிமுத்து."

"வெள்ளைக்காரர் இல்லையா?"

"அவர் அதுக்குள்ள பாதிக் கடல் தாண்டியிருப்பார். நான் லண்டன்ல பயிற்சி முடிச்சு ஊர் வந்து சேர்ந்ததே இருபத்தஞ்சாம் தேதி."

"அப்போ நடுவுல இருபத்திரண்டு நாள்?"

"சவரிமுத்துதான் பார்த்துக்கிட்டார். சிப்பாயா சேர்ந்து மேல வந்த மனுஷன். அந்த நேரம் ஊர்ல இருந்த நம்ம அதிகாரிகள்ல அவர்தான் மூத்தவர்."

"பார்த்துக்கிட்டார்னா?"

"தளபதியா இருந்தார்," என்றார் ஜெனரல். சொன்ன பிறகு அவருக்கே திடுக்கென்றது.

படையில் ஒரு வழக்கம் உண்டு. போகிற தளபதி 'ஒப்படைத்தேன்' என்றும், வருகிறவர் 'பெற்றுக்கொண்டேன்' என்றும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளைக்காரர் போட்டுவிட்டுப் போனார். எதிரே சவரிமுத்து போட்டிருக்க வேண்டும். மனிதர் போடவில்லை. தளபதிகள் போடுகிற தாளில் ஒரு மேஜர் கைவைப்பதா, பெரியவர் வரட்டும் என்று மரியாதை பார்த்து, தாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். தணிகைநாதன் வந்ததும் செயலாளர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நாட்டின் முதல் தளபதி கேவலம் ஒரு மேஜரிடமா பொறுப்பு வாங்குவது, நன்றாகவா இருக்கும்? முன்தேதி போடுங்கள் என்றார்கள். தணிகைநாதன் மார்ச் மூன்று என்று போட்டார்.

"சுடமாட்டேன்னு சொன்னது யாரு?"

"அவர்தான். மந்திரி மூணு தடவை போன் பண்ணினாராம். மூணு தடவையும் 'எழுத்துல கொடுங்க ஐயா'ன்னு ஒரே பதில். எவனும் எழுதிக் கொடுக்கலை. நான் வந்தப்போ எல்லாம் அடங்கிப்போச்சு."

"அப்புறம் எப்படி உங்க பேருக்கு வந்துச்சு?"

"ஒரு பாராட்டு விழாவுல யாரோ சொன்னாங்க. இல்லைன்னு சொல்லத்தான் எழுந்தேன், சத்தியமா. எழுந்ததும் கைதட்டினாங்க. உட்கார்ந்துட்டேன்."

அம்மா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"சவரிமுத்து இருக்காரா?"

"இருக்கார். தொண்ணூறு நெருங்குது. வருஷா வருஷம் படை நாளுக்கு வருவார். பின்வரிசையில உட்கார வைப்பாங்க. நான் கடந்து போனா, தட்டுத்தடுமாறி எழுந்து சல்யூட் வைப்பார். ஒரு நாள், ஒரு வார்த்தை கேட்டதில்லைம்மா."

ஜெனரலுக்கு அவமானமாக இருந்தது. எண்பத்தொரு வயதில் இன்னொருவர் முன்னால் கண் கலங்குகிறதே என்று அது வேறு அவமானம்.

"அச்சகத்துக்காரன் திங்கக்கிழமை வரான்," என்றார். "நீங்களே சொல்லுங்க. இத்தனை வருஷம் ஆயிருச்சு. இருந்தபடியே விட்டுடட்டுமா? மாத்தி எழுதட்டுமா?"

அம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு தாளோடு வந்து நீட்டினார். நாலு வரி வேண்டாம் போலிருக்கிறது, ஒரே வரிதான் இருந்தது. தபால் நிலையத்து எழுத்து, குண்டு குண்டாக.

'நம்மவரில் முதல் தளபதியாக இருந்து இந்த நாட்டைக் காத்த ............ அவர்களுக்கு என் வணக்கமும் ஆசியும்.'

"ஆசியுரை கேட்டீங்களே. பேரை மட்டும் நீங்க போட்டுக்குங்க," என்றார்.

ஜெனரல் பேனாவைத் திறந்தார். கை பழக்கதோஷத்தில் 'த' என்று ஆரம்பித்துவிட்டது. பேனா அங்கேயே நின்றது. கீழே ரோட்டில் பஸ் வந்து, ஆள் இறக்கி, திரும்பிப் போகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா அவசரப்படுத்தவில்லை.

பிறகு 'த'வை அடித்தார். மேலே, இடுக்கில், மேஜர் சவரிமுத்து என்று எழுதினார். எழுதி முடித்ததும் பேனா மூடியைத் தேடினார். மடியிலேயே கிடந்தது. அது கண்ணில் படவே கொஞ்ச நேரம் ஆனது.

"ஸ்கூல்ல என் பேத்தியைக் கூப்பிடுறதே முதல் தளபதி பேத்தின்னுதான்," என்றார். "நாற்பது வருஷமா எனக்கு இருக்கிறது இந்த ஒரு பேர். இதையும் கொடுத்துட்டா நான் யாரும்மா?"

"இரண்டாவது தளபதி," என்றார் அம்மா.